துப்பாக்கிக்கு முன்னால் வரும் சேதி

(ஆசிரியர்களும் பெற்றோரும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



அழைப்பிதழைப் பார்த்துவிட்டு ஒரு நண்பர் கேட்டார்: "பள்ளிப் பாதுகாப்பு என்றால் காம்பவுண்டு சுவர், கேமரா, வாட்ச்மேன். இதில் உளவியலாளருக்கு என்ன வேலை?" நியாயமான கேள்விதான். சுவரும் வேண்டும், வாட்ச்மேனும் வேண்டும். ஆனால் சுவர் வெளியிலிருந்து வருகிறவனைத்தான் தடுக்கும். காலையில் சீருடை போட்டுக்கொண்டு வந்து, வருகைப் பதிவின்போது 'உள்ளேன் ஐயா' சொல்லிவிட்டு மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவனை எந்தச் சுவரும் தடுக்காது.

இந்தக் கேள்விக்கு மிக அதிக விலை கொடுத்துப் பதில் தேடிய நாடு அமெரிக்கா. ஆகவே இன்றைய பேச்சில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கும். நம் ஊருக்குக் கடைசியில் வருகிறேன், அதுவும் ஒரே ஒரு சம்பவத்துக்காக.

1999 ஏப்ரல் 20. கொலராடோ மாநிலத்தில் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளி. அந்தப் பள்ளியின் மாணவர்கள் இருவர் அன்றைக்கு 12 மாணவர்களையும் ஓர் ஆசிரியரையும் சுட்டுக் கொன்றார்கள். பிறகு தங்களையும் சுட்டுக்கொண்டார்கள். அடுத்த வாரமே நாடு முழுக்க ஒரே பேச்சு: இப்படிப்பட்ட பையனை முன்கூட்டியே அடையாளம் கண்டுபிடிக்க முடியாதா? கறுப்புக் கோட்டுப் போடுகிறவனா, வீடியோ கேமில் மூழ்கிக் கிடக்கிறவனா, சாப்பாட்டு நேரத்தில் தனியாக உட்காருகிறவனா? பட்டியல்கள் புறப்பட்டன. பட்டியலில் ஏதாவது ஒரு குணம் பொருந்தாத பதினாறு வயதுப் பையன் உலகத்திலேயே கிடையாது என்பதை யாரும் யோசிக்கவில்லை.

அந்த நேரத்தில் யாரும் எதிர்பார்க்காத ஓர் இலாகா உள்ளே வந்தது. அதிபரைக் காவல் காக்கிற சீக்ரெட் சர்வீஸ். பிரமுகர்களைக் கொன்றவர்களையும் கொல்ல முயன்றவர்களையும் பற்றி அவர்கள் ஏற்கெனவே ஆராய்ந்து வைத்திருந்தார்கள். அதில் அவர்கள் கண்ட ஒரு விஷயம் முக்கியமானது. மிரட்டுகிறவர்களில் பெரும்பாலோர் தாக்குவதில்லை; தாக்குகிறவர்களில் பெரும்பாலோர் தாக்கப்படப் போகிறவரிடம் நேரில் மிரட்டுவதும் இல்லை. மிரட்டுவது வேறு, ஆபத்தாக இருப்பது வேறு. இந்தப் பாடத்தைப் பள்ளிக்குக் கொண்டுவந்தார்கள். கல்வித்துறையோடு சேர்ந்து, 1974 முதல் 2000 வரை நடந்த 37 பள்ளித் தாக்குதல்களையும் அவற்றைச் செய்த 41 பேரையும் எடுத்து ஆராய்ந்தார்கள். அவர்களில் பத்துப் பேரை நேரில் சந்தித்துப் பேசினார்கள். 2002-இல் அறிக்கை வெளிவந்தது.

'இவன்தான் செய்வான்' என்று காட்டக்கூடிய ஒரு ஜாடை கிடையாது என்று அந்த அறிக்கை அடித்துச் சொல்லிவிட்டது. நன்றாகப் படிக்கிறவர்களும் இருந்தார்கள், தோற்றவர்களும் இருந்தார்கள். நண்பர் கூட்டத்தோடு திரிந்தவர்களும் இருந்தார்கள், தனியாகக் கிடந்தவர்களும் இருந்தார்கள். மனநோய் இருப்பதாக முன்பே கண்டறியப்பட்டவர்கள் 17 சதவீதம் மட்டுமே. ஆனால் 78 சதவீதம் பேருக்குத் தற்கொலை எண்ணமோ முயற்சியோ இருந்திருக்கிறது. 71 சதவீதம் பேர் யாராலோ துன்புறுத்தப்பட்டதாக, ஒதுக்கப்பட்டதாக, காயப்பட்டதாக உணர்ந்திருக்கிறார்கள். 93 சதவீதம் பேர் சம்பவத்துக்கு முன்பே யாரையாவது கவலைப்பட வைக்கிற மாதிரி நடந்துகொண்டிருக்கிறார்கள்.

இன்றைக்கு இரவு வீட்டுக்குப் போனதும் நீங்கள் மறந்துவிடக் கூடாத கணக்கு இனிமேல்தான் வருகிறது. அந்த 37 சம்பவங்களில் 30-இல், அதாவது 81 சதவீதத்தில், யாராவது ஒருவருக்கு விஷயம் முன்பே தெரியும். அந்த 30-இல் 28 சம்பவங்களில் தெரிந்தவர் யார்? நண்பன், வகுப்புத் தோழன், கூடப்பிறந்தவன். பெரியவர்களின் காதுக்கு எட்டியது அபூர்வம்.

துப்பாக்கி பள்ளிக்குள் வருவதற்கு முன்னால் சேதி வந்துவிடுகிறது. விளையாட்டு மைதானத்திலும் பேருந்தின் கடைசி சீட்டிலும் செல்போனிலும் அது சுற்றிக்கொண்டிருக்கிறது. தலைமையாசிரியர் அறைக்கு மட்டும் வந்து சேர்வதில்லை. பள்ளி உளவியலாளரின் பாதுகாப்பு வேலை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. யார் கொலைகாரனாவான் என்று ஜோசியம் சொல்வது அவர் வேலை இல்லை. அந்தச் சேதி வந்து சேர ஒரு வழியை உண்டாக்குவதும், வந்த சேதியை அளவறிந்து கையாள்வதும்தான் அவர் வேலை. இன்றைக்கு நான் சொல்ல வந்ததே இவ்வளவுதான். மீதி எல்லாம் இதற்கு விளக்கம்.

பிள்ளைகள் ஏன் சொல்வதில்லை? அதையும் பிறகு கேட்டுப் பார்த்தார்கள். முன்பே விஷயம் தெரிந்திருந்த மாணவர்களிடம் பேசி 2008-இல் ஓர் அறிக்கை வந்தது. 'இவன் செய்யமாட்டான்' என்று நம்பியிருக்கிறார்கள். 'சொன்னால் நம்மைத்தான் முதலில் உட்காரவைத்துக் குடைவார்கள்' என்று பயந்திருக்கிறார்கள். பெரியவர் ஒருவரோடு நல்ல உறவு இருந்த பிள்ளை சொல்லியிருக்கிறது. இல்லாத பிள்ளை வாயை மூடிக்கொண்டிருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சி வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். அறிக்கையில் அச்சாகி வந்தால்தான் பட்ஜெட்டில் காசு ஒதுக்குகிறார்கள். எல்லா ஊரிலும் இதே கதைதான்.

வாயை மூடவைத்த இன்னொரு காரணத்தை அமெரிக்கப் பள்ளிகளே தங்கள் கையால் செய்து வைத்திருந்தன. 'ஜீரோ டாலரன்ஸ்', துளியும் பொறுத்துக்கொள்வதில்லை என்ற கொள்கை. 1994-இல் ஒரு சட்டம் வந்தது: பள்ளிக்குத் துப்பாக்கி கொண்டுவந்தால் ஓராண்டு நீக்கம். இதை யாரும் தவறு சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பள்ளி நிர்வாகங்கள் நீட்டிக்கொண்டே போயின. பேனாக்கத்தி, பொம்மைத் துப்பாக்கி, விரலை நீட்டி 'டிஷ்யூம்' என்று காட்டுவது, எல்லாவற்றுக்கும் ஒரே தண்டனை. 2013-இல் மேரிலாந்தில் ஏழு வயதுப் பையன் ஒருவன் காலைச் சிற்றுண்டிக்கு வந்த இனிப்புப் பேஸ்ட்ரியைக் கடித்துக் கடித்துத் துப்பாக்கி மாதிரி ஆக்கிவிட்டான் என்று இரண்டு நாள் சஸ்பெண்ட் செய்தார்கள். நாடே சிரித்தது. சிரிப்புக்கு அடியில் இருந்த சங்கதி அவ்வளவு சிரிப்பானதில்லை. அமெரிக்க உளவியல் சங்கம் ஒரு குழு அமைத்து இருந்த ஆய்வுகளையெல்லாம் அலசியது. இந்தக் கொள்கையால் பள்ளிகள் பாதுகாப்பாக மாறியதற்குச் சான்று இல்லை என்பதுதான் அது கண்ட முடிவு. வெளியே அனுப்பப்பட்டவர்களில் கறுப்பின மாணவர்கள் அவர்கள் விகிதத்துக்கு மீறி இருந்தார்கள்.

எனக்கு இதில் பெரிய குறையாகப் படுவது வேறு ஒன்று. என் நண்பன் ஏதோ விபரீதமாகப் பேசுகிறான். டீச்சரிடம் போய்ச் சொன்னால் அவனுக்கு உதவி கிடைக்கும் என்றால் சொல்வேன். சொன்ன மறுநாள் அவன் டி.சி. வாங்கிக்கொண்டு போவான் என்றால்? பதினாலு வயதில் எந்தப் பிள்ளையும் நண்பனைக் காட்டிக்கொடுக்காது. கடுமையான தண்டனை, சேதி வரும் வழியை அடைத்துவிடுகிறது. தண்டிக்கப்பட்ட பையனும் கண்காணிப்பில்லாமல் நாள் முழுக்க வீட்டில் உட்கார்ந்து கருவிக்கொண்டிருக்கிறான்.

இதற்கு மாற்றாக ஒரு முறையை வகுத்தவர் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் டூயி கார்னெல். தடயவியல் சார்ந்த மருத்துவ உளவியலாளர். 2001 வாக்கில் தன் குழுவோடு இதைத் தொடங்கி, 35 பள்ளிகளில் ஒரு கல்வியாண்டு முழுக்கப் பரிசோதித்துப் பார்த்தார். இதை அச்சுறுத்தல் மதிப்பீடு என்கிறார்கள். பள்ளிக்கு ஒரு குழு. தலைமையாசிரியர் அல்லது துணைத் தலைமையாசிரியர், பள்ளிக்கென்று ஒதுக்கப்பட்ட காவலர், உளவியலாளர், கவுன்சிலர். யாரும் தனியாக முடிவெடுப்பதில்லை.

கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். நானே ஓர் உதாரணம் சொல்கிறேன், அந்த முறை எப்படி ஓடுகிறது என்று காட்டுவதற்காக. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், பந்தைப் பிடுங்கிக்கொண்டவனைப் பார்த்து "உன்னைக் கொன்னுடுவேன்டா" என்று கத்துகிறான். ஜீரோ டாலரன்ஸ் பள்ளியில் கதை அங்கேயே முடிந்துவிடும். கார்னெல் முறையில் அங்கேதான் தொடங்கும். பையனை உட்காரவைத்துச் சாவகாசமாகக் கேட்பார்கள். என்ன நடந்தது? நீ என்ன சொன்னாய்? எந்த அர்த்தத்தில் சொன்னாய்? கேட்டவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கிறாய்? ஏன் அப்படிச் சொன்னாய்? இப்போது என்ன செய்வதாக இருக்கிறாய்? அவன் சொல்வதை வார்த்தை மாறாமல் எழுதிக்கொள்வார்கள். மிரட்டப்பட்டவனிடமும் பக்கத்தில் நின்றவர்களிடமும் தனித்தனியாகக் கேட்பார்கள்.

பிறகு ஒரே கேள்வி. இது வந்த வேகத்தில் போய்விடுகிற கோபமா, உள்ளே தங்கிவிட்ட நோக்கமா? "ஆத்திரத்தில் சொல்லிட்டேன் சார்" என்று பையன் இறங்கிவந்து, பந்து பறிபோன கதையைச் சொல்லி, மற்றவனிடம் மன்னிப்புக் கேட்டால், முதல் வகை. அத்தோடு ஃபைலை மூடிவிடலாம். வைது கண்டிக்க வேண்டுமானால் கண்டிக்கலாம். அது ஒழுங்கு விவகாரம், பாதுகாப்பு விவகாரம் இல்லை. ஆனால் பையன் எந்த இடத்தில், எந்த நேரத்தில், எதைக்கொண்டு என்று விவரமாகச் சொல்லியிருக்கிறானா? அதை இரண்டு மூன்று பேரிடம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறானா? கூட்டாளி சேர்க்கப் பார்த்திருக்கிறானா? ஆயுதம் தேடியிருக்கிறானா? அப்படியென்றால் அது தங்கிவிட்ட மிரட்டல். அந்த நிமிடமே மூன்று வேலைகள் நடக்கவேண்டும். மிரட்டப்பட்டவனையும் அவன் பெற்றோரையும் எச்சரித்து அவனுக்குக் காவல் தரவேண்டும். மிரட்டியவனின் பெற்றோரைக் கூப்பிட வேண்டும். விஷயம் கடுமையானது என்றால் காவல்துறை தன் விசாரணையைத் தொடங்க வேண்டும். உளவியலாளர் அந்தப் பையனோடு உட்கார்ந்து, இவனை இந்த இடத்துக்குக் கொண்டுவந்தது எது, தன்னையே மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதலாவதாகச் சொன்னதை, அதாவது மிரட்டப்பட்டவனின் பாதுகாப்பை, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

அந்த 35 பள்ளிகளில் ஓராண்டில் வந்த மிரட்டல்கள் 188. அவற்றில் 70 சதவீதம் வந்த வேகத்தில் போன வகை. மொத்தத்தில் பள்ளியைவிட்டு நீக்கப்பட்டவர்கள் மூன்றே மூன்று பேர். பின்னர் 40 பள்ளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஒப்பிட்டு, 2012-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இந்த முறையைக் கற்றுக்கொண்ட பள்ளிகளில் மிரட்டிய மாணவர்களுக்கு ஆலோசனை கிடைத்தது, பெற்றோரை அழைத்துப் பேசினார்கள், நீண்டகால நீக்கங்கள் குறைந்தன. 2013-இல் வர்ஜீனியா மாநிலம் எல்லா அரசுப் பள்ளிகளிலும் இப்படி ஒரு குழு இருந்தே தீரவேண்டும் என்று சட்டமாக்கியது.

எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நடைமுறையில் என்று இழுப்பீர்கள். சரி, இழுக்கவேண்டிய இடத்துக்கே போவோம்.

2021 நவம்பர் 30, மிச்சிகன் மாநிலம், ஆக்ஸ்ஃபர்ட் உயர்நிலைப் பள்ளி. முந்தின நாள் பதினைந்து வயது மாணவன் ஒருவன் வகுப்பில் உட்கார்ந்துகொண்டு செல்போனில் தோட்டா தேடியதை ஓர் ஆசிரியர் பார்த்துச் சொல்லியிருக்கிறார். 30-ஆம் தேதி காலை, கணக்குத் தாளில் அவன் துப்பாக்கியும் ரத்தமும் வரைந்து, எண்ணங்கள் நிற்கமாட்டேன் என்கின்றன, எனக்கு உதவுங்கள் என்கிற மாதிரி எழுதியிருந்ததை இன்னோர் ஆசிரியர் பார்த்தார். பார்த்ததும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். நல்ல வேளை எடுத்தார். அந்தத் தாள் அலுவலகத்துக்கு வந்து சேர்வதற்குள் பையன் அதையெல்லாம் கிறுக்கி அழித்திருந்தான். பெற்றோரை வரவழைத்தார்கள். 48 மணி நேரத்துக்குள் மனநல ஆலோசனைக்குக் கூட்டிப்போகச் சொன்னார்கள். இன்றைக்கு வீட்டுக்குக் கூட்டிப்போக முடியாது என்று பெற்றோர் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். நான்கு நாள் முன்பு அப்பா துப்பாக்கி வாங்கித் தந்திருந்ததை அங்கே யாரும் வாய்திறந்து சொல்லவில்லை. பையன் வகுப்புக்குத் திரும்பினான். அவன் பையை யாரும் திறந்து பார்க்கவில்லை. சுமார் இரண்டு மணி நேரத்தில் சுடத் தொடங்கினான். நான்கு மாணவர்கள் செத்துப்போனார்கள். 2024-இல் தாயும் தந்தையும் தனித்தனி வழக்குகளில் குற்றவாளிகள் என்று தீர்ப்பாகி, இருவருக்கும் பத்து முதல் பதினைந்து ஆண்டு சிறை.

இங்கே சேதி வரவில்லை என்று சொல்ல முடியாது. இரண்டு நாளில் இரண்டு முறை வந்தது. ஆசிரியர்கள் கடமையைச் செய்தார்கள். அறையில் கவுன்சிலர் இருந்தார். அவர் அந்தப் பையனிடம் தற்கொலை எண்ணத்தைக் கண்டார். வீட்டில் தனியாக இருப்பதைவிட நண்பர்களோடு வகுப்பில் இருப்பது அவனுக்கு நல்லது என்று நினைத்தார். அவர் பார்த்தது பொய்யில்லை. பாதியைப் பார்த்தார். தன்னை மாய்த்துக்கொள்ள நினைக்கிறவன் பிறரையும் சேர்த்து நினைக்கலாம் என்பதைத்தான் அந்த 78 சதவீதம் இருபது வருடங்களுக்கு முன்பே சொல்லியிருந்தது. தலைமையாசிரியர் அந்த அறையில் இல்லை. முறையான அச்சுறுத்தல் மதிப்பீடு நடக்கவில்லை என்று 2023-இல் வந்த சுயேச்சையான விசாரணை அறிக்கை சொன்னது. பையில் என்ன இருக்கிறது, வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, தோட்டாவை எதற்குத் தேடினாய் என்ற மூன்று கேள்விகளையும் ஒரே மேசையில் வைத்துக் கேட்க ஆள் இல்லை. கொலம்பைன் கால ஆய்விலேயே 68 சதவீதம் பேர் துப்பாக்கியைத் தங்கள் வீட்டிலிருந்தோ உறவினர் வீட்டிலிருந்தோதான் எடுத்திருந்தார்கள் என்று இருக்கிறது. ஆகவே 'வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா' என்பது அங்கே 'வீட்டில் யாருக்காவது காய்ச்சலா' என்பதைப்போலச் சாதாரணமாகக் கேட்கப்படவேண்டிய கேள்வி. அதைக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள்.

குழு ஏன் கூடவில்லை என்பதற்கு அந்தப் பள்ளிக்கென்று தனிக் காரணங்கள் இருக்கும். பொதுவான காரணம் ஒன்று உண்டு. அதைப் புரிந்துகொள்ள இந்த வேலையின் பிறப்பைக் கொஞ்சம் பார்க்கவேண்டும்.

1896-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் லைட்னர் விட்மர் ஓர் உளவியல் மருத்துவமனை தொடங்கினார். அங்கே முதலில் வந்தவர்களில் ஒருவன், எல்லாம் நன்றாகச் செய்தும் எழுத்துக்கூட்ட வராத ஒரு பள்ளி மாணவன். 1915-இல் கனெக்டிகட் மாநிலம் ஆர்னால்டு கெசலைப் பள்ளி உளவியலாளர் என்ற பெயரிலேயே வேலைக்கு எடுத்தது. அவருக்குக் கொடுத்த வேலை, பின்தங்கிய குழந்தைகளைச் சோதித்துப் பார்ப்பது. 1975-இல் மாற்றுத்திறன் குழந்தைகள் எல்லோருக்கும் கல்வி தரவேண்டும் என்று மத்தியச் சட்டம் வந்தது. மகத்தான சட்டம். அதனால்தான் நாடெங்கும் பள்ளி உளவியலாளர் பதவி பெருகியது. அதே சட்டம்தான் அவர் கையில் சோதனைப் பெட்டியைக் கொடுத்து ஓர் அறைக்குள் உட்காரவும் வைத்தது. சிறப்புக் கல்விக்குத் தகுதி உண்டா என்று சொல்ல ஒவ்வொரு குழந்தைக்கும் சோதனை, அறிக்கை, கூட்டம், கையெழுத்து. எல்லாவற்றுக்கும் கெடு உண்டு. தவறினால் வழக்கு உண்டு. மைதானத்தில் நின்று பிள்ளைகளோடு பேசுவதற்குக் கெடுவும் இல்லை, வழக்கும் இல்லை. அதனால் அது நடப்பதில்லை.

500 மாணவருக்கு ஓர் உளவியலாளர் வேண்டும் என்கிறது அங்குள்ள தேசியப் பள்ளி உளவியலாளர் சங்கம். நாட்டுச் சராசரி ஓர் உளவியலாளருக்கு ஆயிரத்துக்கு மேல். சில மாநிலங்களில் நிலைமை இதைவிட மோசம். நான்கு பள்ளிக்கு ஒருவர், வாரத்தில் ஒருநாள் ஒரு பள்ளி என்று ஓடுகிறவர் இருக்கிறார். செவ்வாய்க்கிழமை வருகிற உளவியலாளரிடம் வியாழக்கிழமை மனசு உடைகிற பிள்ளை எப்படிப் போகும்? 2022 மே மாதம் டெக்சஸின் யுவால்டியில் 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் கொல்லப்பட்ட பிறகு, இரு கட்சிகளும் சேர்ந்து ஒரு சட்டம் கொண்டுவந்தன. பள்ளிகளில் மனநலப் பணியாளர்களைப் பெருக்குவதற்கு அதில் 100 கோடி டாலர் இருந்தது. 2025 ஏப்ரலில் புதிய அரசின் கல்வித்துறை அந்த மானியங்களைத் தொடரப்போவதில்லை என்று அறிவித்தது.

பணம் வேறு பக்கம் தாராளமாகப் போகிறது. குண்டு துளைக்காத கண்ணாடி, முகத்தை அடையாளம் காணும் கேமரா, தாக்குதல் ஒத்திகை. ஒத்திகையைப் பற்றி ஒரு வார்த்தை. கதவைப் பூட்டி, விளக்கணைத்து, சத்தமில்லாமல் உட்காரப் பழக்குவது வேறு, அது வேண்டும். போலி ரத்தம் பூசி, வெற்றுத் தோட்டா வெடித்து, நிஜம் மாதிரி நடத்திக் காட்டுகிறார்களே, அது வேறு. 2019-இல் இந்தியானாவில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியைகளை மண்டியிடவைத்து முதுகில் பிளாஸ்டிக் குண்டுகளால் சுட்டுப் 'பயிற்சி' தந்தார்கள், தழும்பு விழுந்தது. இப்படி நடத்தாதீர்கள், நடத்தினாலும் முன்கூட்டிச் சொல்லுங்கள், வயதுக்குத் தக்கபடி நடத்துங்கள், முடிந்தபின் பயந்துபோன பிள்ளையைப் பாருங்கள் என்று விடாமல் சொல்லிவருகிறவர்கள் பள்ளி உளவியலாளர்கள்தான். பயத்தை விற்கிற கம்பெனிகளுக்கு அவர்களைப் பிடிக்காது.

ஒரு பெயரைச் சொல்லாமல் நகர முடியாது. 2012 டிசம்பர் 14, சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளி. சத்தம் கேட்டபோது தலைமையாசிரியை டான் ஹாக்ஸ்பிரங்கும் பள்ளி உளவியலாளர் மேரி ஷெர்லாக்கும் ஒரு கூட்டத்தில் இருந்தார்கள். இருவரும் சத்தம் வந்த திசையை நோக்கி ஓடினார்கள். இருவரும் கொல்லப்பட்டார்கள். அன்று பள்ளியில் கொல்லப்பட்டவர்கள் 20 குழந்தைகள், ஆறு பெரியவர்கள். கொன்றவன் வெளியிலிருந்து, பூட்டிய கதவுக்குப் பக்கத்துக் கண்ணாடியைச் சுட்டு உடைத்துக்கொண்டு வந்தவன். ஆகவே உள்ளே இருக்கும் உளவியலாளர் எல்லாவற்றையும் தடுத்துவிடுவார் என்று நான் சொல்லவில்லை. அந்த ஓட்டத்தைக் கும்பிடலாம். ஆனால் இந்தத் தொழிலை அந்த ஓட்டத்தை வைத்து அளந்தால் அதன் அன்றாட வேலை நம் கண்ணில் படாமல் போய்விடும்.

அமெரிக்காவில்கூட, பள்ளி வயதுப் பிள்ளைகளின் கொலைகளில் பள்ளிக்குள் நடப்பவை மூன்று சதவீதத்துக்கும் குறைவு. பள்ளி உளவியலாளரின் வாரத்தில் வந்துபோவது வேறு. கையைக் கீறிக்கொண்ட பெண். 'நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி' என்று ஸ்டேட்டஸ் போட்ட பையன். வாட்ஸ்அப் குழுவில் கேலிக்கு ஆளாகி ஒரு வாரமாக மதியச் சாப்பாட்டுக்குக் கழிவறையில் போய் ஒளிகிற பிள்ளை. வீட்டில் மாமாவோ சித்தப்பாவோ செய்வதைச் சொல்லத் தெரியாமல் திடீரென்று மார்க் குறைகிற சிறுமி. இப்படிப்பட்ட நூறு பேரில் 99 பேர் யாரையும் சுடப்போவதில்லை. சுடக்கூடிய ஒருவனைத் தேடுகிறோம் என்று இவர்களைப் பார்த்தால் 99 பேருக்கும் துரோகம். இவர்கள் எல்லோரையும் கவனித்துக்கொண்டால், அந்த ஒருவனைப் பற்றிய சேதியும் இவர்களில் ஒருவர் வாயிலிருந்துதான் வரும்.

இனி நம் ஊர். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த பட்டியலின மாணவன் ஒருவனை, இரவில் வீட்டுக்குள் புகுந்து, அவனோடு படித்தவர்களே அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கவந்த தங்கைக்கும் வெட்டு. இருவரும் பிழைத்தார்கள். அதற்கு முன் நடந்தது செய்தித்தாள்களில் வந்ததுதான். சக மாணவர்களின் சாதித் தொல்லை தாங்காமல் அந்தப் பையன் பள்ளிக்குப் போவதை நிறுத்தியிருந்தான். ஏன் வரவில்லை என்று பள்ளியிலிருந்து விசாரித்தபோது விஷயம் வெளியே வந்தது. புகார் ஆனது. அன்றிரவே வீடு தேடி வந்துவிட்டார்கள்.

நம்மிடம் துப்பாக்கி இல்லை, அரிவாள் இருக்கிறது. அங்கே பெரும்பாலும் தனியாகத் தாக்குகிற பையன். இங்கே ஊரும் சாதியும் பின்னால் நிற்கிற கும்பல். இரண்டும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் புகாருக்கும் அந்த இரவுக்கும் இடையில் இருந்த சில மணி நேரத்தைப் பாருங்கள். சேதி வந்துவிட்டது. யாருடைய பெயர் அடிபட்டதோ அவர்களுக்கும் அது தெரிந்துவிட்டது. சொன்னவனின் பாதுகாப்பு யார் பொறுப்பு? வர்ஜீனியா முறையில் முதலாவதாகச் செய்யவேண்டியது என்று நான் நினைவில் வைக்கச் சொன்னேனே, அந்த வேலைக்கு நம் பள்ளிகளில் பெயரும் இல்லை, ஆளும் இல்லை. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு தமிழக அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. 500 மாணவருக்கு மேலுள்ள உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்குப் பள்ளி நல அலுவலர் என்று ஒரு பதவியை அது பரிந்துரைத்தது. கையில் கட்டும் வண்ணக் கயிற்றைப் பற்றி அறிக்கை சொன்னதை வைத்து மாதக்கணக்கில் தொலைக்காட்சியில் சண்டை போட்டோம். நல அலுவலரைப் பற்றி ஒரு விவாதமும் என் காதில் விழவில்லை.

பேச்சு முடியும்முன் ஒரு சீட்டு வந்திருக்கிறது. வாசிக்கிறேன்: 'எங்கள் பள்ளியில் பிள்ளைகள் தங்கள் குறைகளை எழுதிப் போடுகிற மாணவர் மனசு பெட்டி இருக்கிறது. உளவியலாளர் இல்லை, வரப்போவதாகவும் தெரியவில்லை. நாங்கள் என்ன செய்வது?' எழுதியவர் ஆசிரியர் என்று நினைக்கிறேன்.

ஐயா, அல்லது அம்மா, உளவியலாளர் செய்வதை நீங்கள் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். பாலியல் தொல்லை என்று ஒரு சீட்டு வந்தால் குழந்தையை நிறுத்திவைத்து விசாரணை நடத்தாதீர்கள். போக்சோ சட்டப்படி உடனே காவல்துறைக்குத் தெரிவிப்பதுதான் உங்கள் கடமை. 1098-ஐக் கூப்பிடுங்கள், நம் கல்வித்துறையின் 14417-ஐக் கூப்பிடுங்கள். மற்றச் சீட்டுகளுக்கு மூன்று விஷயங்களை முன்கூட்டியே முடிவுசெய்து வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியை ஒருவர் தனியாகத் திறக்கக் கூடாது. எந்த மூன்று பேர் திறப்பது? யாரைப் பற்றிப் புகாரோ அவர் அந்த மூவரில் ஒருவராக இருந்தால் அவருக்குப் பதில் யார்? மிரட்டல் என்று வந்தால், மிரட்டப்பட்ட பிள்ளையின் வீட்டுக்கு அன்று மாலைக்குள் பேசுவது யார், அந்தப் பிள்ளை யாரோடு வீட்டுக்குப் போவது, இரவில் அந்தக் குடும்பம் எந்த எண்ணைக் கூப்பிடுவது? சாவி யாரிடம் என்பதிலிருந்து தொடங்கி அடுத்த ஆசிரியர் கூட்டத்திலேயே இதைப் பேசி முடித்துவிடலாம். இதற்கு அரசாணை எதுவும் வேண்டியதில்லை.